மேலக்காவின் பிரஷர்

மேலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது துறைமுகம். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேனின் உச்சியில், தரையே கண்ணாடியாக இருக்கும் ஒரு சின்னக் கூண்டில் அவளுக்கு வேலை. கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்து, கீழே தொங்கும் இரும்புச் சட்டத்தைப் பெட்டியின் நாலு மூலையிலும் கச்சிதமாகப் பொருத்தித் தூக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில்கூட அவள் இறக்கிய பெட்டி லாரியின்மேல் உட்காரும்போது சத்தம் வராது. அதனால் கீழே நிற்கும் ஆட்கள் வேலை தொடங்கும் முன் வாக்கிடாக்கியில் "மேல அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொள்வார்கள். கேட்டுக் கேட்டே அது மேலக்கா என்று ஒட்டிக்கொண்டது.

தன் வேலை தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. பெண்ணாயிற்றே, இவ்வளவு உயரம் ஏறுகிறாயே என்று யாராவது வியந்தால், "லிஃப்ட்தான் ஏறுது, நான் சும்மா நிக்கறேன்" என்பாள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அதையும் அவள் பெரிதாக நினைக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் உடம்பில் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த வருடத்து உடல் தகுதிப் பரிசோதனையில் துறைமுக டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி காற்றடித்தார்.

"நூத்தி எழுபத்தெட்டு. கீழே நூத்தி ஆறு."

"படியேறி வந்தேன் டாக்டர். அதான்."

"லிஃப்ட்ல வந்தீங்க மேடம். நானும் அதே லிஃப்ட்லதான் வந்தேன்."

"இந்தப் பட்டை பழசு. வேற மாத்துங்க."

மாற்றினார். கால் மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். இன்னொரு கையில் பார்த்தார். எண்கள் அசைந்து கொடுக்கவில்லை.

"மேல ஏற அனுமதி தர முடியாது. பிரஷர் கட்டுக்குள்ள வரணும். வந்து அப்படியே நிக்கவும் செய்யணும். அப்புறம் பார்ப்போம்."

"நான் ஒரு தடவையாவது மயங்கி விழுந்து பார்த்திருக்கீங்களா?"

"விழுந்த பிறகு பார்க்கறதுக்கா என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க?"

மறுநாள் முதல் அவளைத் துறைமுக வாயில் சாவடியில் போட்டார்கள். வெளியே போகும் லாரிகளை நிறுத்தி, கன்டெய்னர் கதவின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. லாரி ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். "மேலக்கா கீழ வந்துட்டாங்களே, இனி கீழக்காவா?" என்று ஒருவன் கேட்டான். அவளும் சேர்ந்து சிரித்தாள். லாரி நகர்ந்ததும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கிப் போயிற்று.

வீட்டில் இருந்தது அவளும் கணவரும்தான். கணவருக்கு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் மோட்டாரைக் கழற்றப் போனவர் கால் தவறி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுக்கொண்டார். முதுகு சேர்ந்துவிட்டது. மனிதர்தான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தார். குளி என்றால் குளிப்பார், சாப்பிடு என்றால் ரெண்டு வாய் சாப்பிடுவார். சில நேரம் காரணமே இல்லாமல் கண்ணீர் வடியும். மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி, மருந்து கொடுத்து, வாரம் ஒருமுறை ஓர் ஆலோசகரிடம் பேச வைத்து, மெல்ல மெல்லத்தான் ஆள் பட்டறைக்குத் திரும்பினார்.

அந்தக் காலம் முழுக்க மேலக்காதான் எல்லாம். துறைமுக வேலை, வீட்டு வேலை, அவரைக் குளிப்பாட்டுவது, ஆஸ்பத்திரி, வந்து போகிறவர்களுக்குக் காபி. பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கிளம்பும்போது அவள் தோளைத் தட்டி, "நீ இருக்கற தைரியம்தான் அவருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வாயில் சாவடிக்குப் போன முதல் வாரமே அவள் சொந்தமாக ஒரு பிரஷர் மெஷின் வாங்கிவிட்டாள். தன் கையில் மாட்டினாள். அதே கதை. மெஷின் கோளாறு என்று சந்தேகம் வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரின் கையைப் பிடித்து இழுத்து மாட்டினாள். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு என்று காட்டியது. பாடப் புத்தகத்தில் போடலாம்.

"போன வருஷம் முழுக்க உலகமே இடிஞ்ச மாதிரி கிடந்தீங்களே, அப்பவாவது உங்க பிரஷர் ஏறிச்சா?"

"இல்லையே. ஒவ்வொரு தடவையும் நர்ஸ் பாராட்டிட்டுத்தான் போவாங்க."

"அழுதது நீங்க. ஏறுனது எனக்கா? நல்ல நியாயமா இருக்கே."

சொல்லிவிட்டு அவளே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டாள். கவலைக்கும் பிரஷருக்கும் சம்பந்தமில்லை, இவரே சாட்சி. அப்படியானால் மிச்சமிருப்பது உப்பு. உப்பு டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். காலையில் கடற்கரைச் சாலையில் வேக நடை. எண்ணெய் கிடையாது, காபி கிடையாது. கிரேனுக்கு எண்ணெய் போட்டு, போல்ட் முடுக்கி, சோதனை ஓட்டம் பார்ப்பது போல அந்த உடம்பை ஒரு வழி பண்ணினாள். கணவர் உப்பில்லாத சோற்றை வாய் பேசாமல் விழுங்கினார். பிரஷர் கொஞ்சம் இறங்குவது போலப் பாவனை காட்டிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டது.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். அவள் வந்தால் வீட்டில் ஒரு சொற்போர் நிச்சயம். அன்றைக்கும் அவள் குறை வைக்கவில்லை. திரைச்சீலை அழுக்கு என்றாள், அண்ணன் இளைத்துவிட்டான் என்றாள், உப்பில்லாமல் சமைப்பது பெண்டாட்டி செய்கிற வேலையா என்றாள். கடைசியில், "அண்ணி, பேசாம வேலையை விட்டுட்டு வீட்டோட இருங்களேன். கீழ நின்னு லாரி எண்ணவா போறீங்க?" என்றும் கேட்டுவிட்டாள்.

"சரி, பார்க்கலாம்" என்றாள் மேலக்கா.

நாத்தனார் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வழக்கமான சண்டை கிடைக்காத ஏமாற்றத்தில் சீக்கிரமே கிளம்பிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த கணவரின் முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்கு க்ளினிக் போறோம். நானும் வரேன்."

"எதுக்கு இப்ப?"

"என் தங்கச்சி உன்னை வேலையை விடச் சொல்றா. நீ சரிங்கற."

"சண்டை போட்டா ஏன் போட்டேன்னு கேப்பீங்க. போடலைன்னா அதுக்கும் ஒரு கேள்வியா?"

"அந்த 'சரி' எனக்குத் தெரியும். நானும் ஒரு வருஷம் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லிட்டுக் கிடந்தேன்."

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே வந்து, பக்கத்தில் நின்று, கழுவியதை வாங்கித் துடைத்து வைத்தார்.

க்ளினிக் டாக்டரம்மாவுக்கு அந்தக் குடும்பம் நன்றாகப் பழக்கம். கணவருக்கு வைத்தியம் பார்த்ததும் அவர்தான், மேலக்காவுக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பிரஷரை அளந்து பார்த்தார். சிறுநீரகம், இதயம் எல்லாம் போன மாதமே சோதித்து, கோளாறு இல்லை என்று தெரிந்திருந்தது.

"மாத்திரை போடறீங்களா?"

"போடறேன்."

"தினமும்?"

போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சில நாள் கையில எடுப்பேன். எதுக்கு இதெல்லாம்னு தோணும். வெச்சிடுவேன்."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்படி அவள் தனக்குள்ளேகூட ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்குன்னா, உயிரோட இருக்கறதே எதுக்குன்னா?"

"அந்த அளவுக்கு இல்ல டாக்டர். செத்துப் போகணும்னு நினைச்சதில்ல. எதுவும் வேணும்னு தோணல, அவ்வளவுதான். வயசாச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் கணவர். "விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுக் கட்டில் ஓரத்துல உட்கார்ந்திடறா. மணியாச்சேன்னு சாப்பிடறா, பசிச்சு இல்ல. முன்னெல்லாம் எந்தக் கப்பல் வந்துச்சு, அதோட கேப்டன் யாரோட மல்லுக்கு நின்னான்னு வீட்டுக்கு வந்ததும் ஒரு மூச்சு சொல்லி முடிப்பா. இப்ப கேட்டா, 'வந்துச்சு, போச்சு' அவ்வளவுதான். நான் நல்லாயிட்டேன்ல, அந்தச் சந்தோஷத்துல இதைக் கவனிக்காம விட்டுட்டேன் டாக்டர்."

மேலக்காவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

"இவருக்கு வந்தது எனக்குத் தெரியாதா? படுத்த படுக்கையா கிடந்தார். நான் ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? பத்து நிமிஷம் தாமதமாப் போயிருப்பேனா? மனச்சோர்வு வந்தவ எப்படி இத்தனை வேலை பார்ப்பா?"

"அவருக்கு அது படுத்துக்கிச்சு. உங்களுக்கு உங்களோட சேர்ந்து வேலைக்குப் போகுது" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் ஒரே நோய்தான்."

"அப்ப அவருக்கு ஏன் பிரஷர் ஏறல?"

"நல்ல கேள்வி. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாப் பிரிச்சுப் பார்த்த ஆய்வுகள் இருக்கு. மனச்சோர்வுக்கும் பிரஷருக்கும் இருக்கற தொடர்பு, சிலதுல பெண்கள்கிட்ட இன்னும் பலமாத் தெரியுது. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லல. ஏன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. மாதவிலக்கு நிக்கற வயசு, தூக்கம், வீட்டுச் சுமைன்னு ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. ஆண்களுக்கு ஏறவே ஏறாதுன்னும் சொல்லிட முடியாது. அதனால உங்க பிரஷருக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"பின்ன என்னதான் சொல்றீங்க?"

"சோர்வு இருக்கு. அது எனக்கு நிச்சயம். அதுக்கு வைத்தியம் பண்ணணும். மாத்திரையை ஒழுங்காப் போட மனசு வரும், தூக்கம் வரும். அதோட பிரஷரும் இறங்கினா லாபம். இறங்கலைன்னா அதுக்கு வேற மருந்து பார்த்துக்கலாம். அப்பவும் நீங்க பழைய ஆளாயிருப்பீங்க, அது நஷ்டமா?"

மேலக்கா தன் கையைப் பார்த்தாள். பட்டை இறுக்கிய தடம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பெட்டி சரியாகப் பொருந்தி, நாலு மூலையும் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியும்போது வருமே, அது போல ஒரு தெளிவுதான் வந்தது. என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது. தெரிந்த கோளாறுக்கு அவள் எப்போதும் பயந்ததில்லை.

"அவருக்குக் கொடுத்த மருந்தையே எனக்கும் கொடுத்திடுங்க."

"அது உங்களுக்கு வேணாம். இந்த மருந்துகள்ல சிலது பிரஷரையே ஏத்திவிடும். பார்த்துத்தான் தரணும்."

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வாய் உலர்ந்தது, பகலில் கண் சொருகியது, பிரஷர் தன் இஷ்டத்துக்கு ஆடியது. ஆலோசகரிடம் போனாள். முதல் தடவை, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியே ஒரு மணி நேரத்தைக் கடத்தினாள். இரண்டாம் தடவை அந்த அம்மாள், "வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப உங்களைப் பார்க்க யார் வந்தாங்க?" என்று கேட்டாள். "என்னை எதுக்குப் பார்க்க வரணும்?" என்று மேலக்கா திருப்பிக் கேட்டாள். கேட்ட கையோடு உடைந்துவிட்டாள். மூக்கைச் சிந்தி முடிக்க ஒரு பெட்டி டிஷ்யூ காகிதம் காலியாயிற்று.

வீட்டில் கணவர் சமையலைக் கையிலெடுத்தார். நல்ல மனிதர், ஆனால் மிகையாகப் போனார். எழுந்தால் கை கொடுப்பார், இருமினால் தண்ணீரோடு வருவார், நாளுக்கு நாலு தடவை "எப்படி இருக்கு?" என்பார். ஒருநாள் மேலக்கா ஒரு பிடி பிடித்தாள்.

"நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? இன்னொரு தடவை எப்படி இருக்குன்னு கேட்டீங்க, பிரஷர் மெஷினை உங்க வாயில மாட்டிடுவேன்."

அவர் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். யாரோ பரிசு கொடுத்தது போலச் சமையலறைக்குள் போய்ப் பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்கினார்.

மூன்றாம் மாதத்தில் பிரஷர் இறங்கியது. நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் வந்து, அங்கேயே தங்கியது. ஒழுங்காகப் போட்ட மாத்திரையா, வந்த தூக்கமா, மனசு லேசானதா, எது இறக்கியது என்று டாக்டரம்மாவாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்துத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மேலக்காவும் விட்டுவிட்டாள். ஒருநாள் காலை வாயில் சாவடியில் நின்றபோது, தூரத்துக் கிரேனில் யாரோ பெட்டியை 'டமால்' என்று லாரியில் போடுவது கேட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சல் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

துறைமுக டாக்டரிடம் திரும்பப் போகும் நாள் வந்தது. முதல் நாள் சாயங்காலம் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பிரஷரை மட்டும் காட்டு. மத்த மருந்தைப் பத்தி அவங்க கேட்டா சொல்லிக்கலாம். இல்லைன்னா, மனசு சரியில்லாதவளை மேல ஏத்தறதான்னு நிறுத்தி வெச்சிடப் போறாங்க."

"தொங்குற பெட்டிக்குப் பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க. அவங்க உசுரு என் கையில. ஒளிச்சுட்டு ஏற மாட்டேன்."

"நிறுத்திட்டா?"

"நிறுத்தினா சண்டை போடுவேன். இப்பத்தான் அதுக்குத் தெம்பு வந்திருக்கே."

துறைமுக டாக்டர் பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்தாறு, எண்பத்திரண்டு. அவர் வாழ்த்துச் சொல்லும் முன்பே அவள் மாத்திரை அட்டைகள் இரண்டையும் மேசையில் வைத்தாள்.

"இது பிரஷருக்கு. இது மனச்சோர்வுக்கு. ரெண்டும் இருந்துச்சு. ரெண்டுக்கும் மருந்து சாப்பிடறேன். பகல்ல தூக்கம் வரதில்ல, கை நடுங்கல. உங்களுக்கு என்ன சோதிக்கணுமோ சோதிச்சுக்குங்க."

டாக்டர் அட்டைகளை எடுத்துப் படித்தார். க்ளினிக் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினார். கண், கை, அனிச்சை வேகம் எல்லாம் சோதித்தார். எல்லாம் முடிந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"அன்னைக்கு உப்பு, புகை, எடைன்னு எல்லாம் கேட்டேன். தூக்கம் எப்படி, மனசு எப்படின்னு கேட்கல. நீங்க உள்ள வந்த தோரணையைப் பார்த்து, இவங்களுக்கு என்னன்னு விட்டுட்டேன்."

"அந்தத் தோரணையைப் பார்த்து நானே ஏமாந்துட்டேன். உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது? இனிமே வர்றவங்களைக் கேளுங்க."

முதல் மாதம் பகல் ஷிஃப்ட் மட்டும், வாரம் ஒருமுறை பிரஷர் பரிசோதனை, மருந்து மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். மூன்றும் நியாயமாகப் பட்டதால் அவள் ஒன்றுக்கும் சண்டை பிடிக்கவில்லை.

மேலே போன முதல் வாரத்தில் ஒரு பெரிய கப்பல் நின்றது. மத்தியானத்துக்கு மேல் கடலில் காற்று கிளம்பியது. அவள் இறக்கிக்கொண்டிருந்த பெட்டி ஒன்று ஊசலாடத் தொடங்கியது. கைப்பிடியை லேசாகத் தளர்த்தி, ஊசலின் போக்கிலேயே கூடப் போய், நிலைக்கு வந்ததும் லாரியில் வைத்தாள். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"காத்து முறுக்குது. நிறுத்தறேன்."

ஷிஃப்ட் இன்சார்ஜின் குரல் உடனே வந்தது. "மேலக்கா, இன்னும் ரெண்டே பெட்டி. காத்து மீட்டர் இன்னும் சிவப்புக்கு வரல."

"மீட்டர் கம்பத்துல இருக்கு. நான் கூண்டுல இருக்கேன். இங்க ஆடுது."

"கப்பல்காரன் என் தலையை உருட்டுவான்."

"என் பேரைச் சொல்லுங்க. ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. சட்டத்தை மேல இழுக்கறேன்."

இன்சார்ஜ் கீழே இருந்தவர்களை விலகச் சொல்வது வாக்கிடாக்கியில் கேட்டது. பிறகு, "சரி, இழுங்க" என்று வந்தது. இரும்புச் சட்டம் வெறுமையாக மேலேறி வந்தது. கண்ணாடித் தரைக்குக் கீழே ஆட்கள் கப்பல் ஓரத்தை விட்டு விலகுவது எறும்புச் சாரை போலத் தெரிந்தது. கூண்டைக் கரைப்பக்கம் கொண்டுவந்து பூட்டிவிட்டு, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். நல்ல பசி. காற்று ஓயும்வரை வேறு வேலையும் இல்லை. கணவர் கட்டிக் கொடுத்த சோற்றில் உப்பு கொஞ்சம் குறைச்சல்தான். இருந்தாலும் டப்பாவை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.